ரொக்கத்துக்கு ஒரு மொழி, கடனுக்கு ஒரு மொழி

திருநெல்வேலி டவுணில் ரத வீதியை ஒட்டி ஒரு பாத்திரக்கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று. அதில் பில் போடும் நிரல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மொழியில் எழுதியது. நீலத் திரை, வெள்ளை எழுத்து, மௌஸுக்கு வேலையே இல்லை. பித்தளைக் குடத்தைத் தராசில் வைத்த கையோடு கடைப் பையன் எடையைத் தட்டுவான், எண்டர் அடிப்பான், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று பில்லைத் தள்ளும். அந்த நிரலை எழுதிக் கொடுத்தவர் எப்போதோ ஊரைவிட்டுப் போய்விட்டார். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது வேறொருவர் வந்து ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். இப்போது அவரும் போனை எடுப்பதில்லை.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கினால் 64 பிட் விண்டோஸ்தான் வரும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து நிரல் அதில் நேரடியாக ஓடாது. அதனால் மாற்றி எழுத முடியுமா என்று அண்ணாச்சி ஆள் அனுப்பினார். போகிற வழியிலேயே எனக்குள் நிரல் எழுதும் மொழிகளின் பட்டியல் ஓட ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"தம்பி, கரண்டு போனா கணக்கு போயிராதுல்லா? அப்புறம், இந்த மிஷின்லயும் ஓடணும், நாளைக்குப் புதுசு வாங்குனா அதுலயும் ஓடணும். கடைசியா ஒண்ணு. ஒங்களுக்கு முடியாமப் போச்சுன்னா இத யாரு பாப்பா?"

எந்த மொழியில் எழுதப் போகிறேன் என்று அவர் கேட்கவே இல்லை. வண்ணார்பேட்டையில் சனி, ஞாயிறுகளில் நான் வகுப்பெடுக்கும் மாடியிலோ அதைவிட்டால் வேறு கேள்வி கிடையாது. "ஜாவாவா பைத்தானா சார்?" பிள்ளையைக் கொண்டுவந்து விடும் அப்பாக்களும் அதையேதான் கேட்கிறார்கள். 2011-ல் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ அலுவலகம் வந்த பிறகு, சாப்ட்வேர் வேலைக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோதான் போக வேண்டும் என்ற எண்ணம் நெல்லைச் சீமையில் கொஞ்சம் ஆட்டம் கண்டது. தென்காசி 2019-ல் தனி மாவட்டமாகிவிட்டது என்பது வேறு கதை. வேலை பக்கத்தில் வந்துவிட்டது, எந்தச் சாவியைக் கொண்டுபோனால் திறக்கும் என்பதுதான் அந்த அப்பாக்களின் கவலை.

அண்ணாச்சியின் கேள்வியும் அப்பாக்களின் கேள்வியும் உண்மையில் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நிரல் எழுதுகிறவன் தவறு செய்யாமல் இருக்க மாட்டான். அந்தத் தவறு எப்போது தெரியவரும் என்பதில்தான் மொழிகள் பெரிதும் வேறுபடுகின்றன. சில மொழிகள் எழுதும்போதே கையைப் பிடிக்கும். சில மொழிகள் அந்த வரி ஓடும்வரை சும்மா இருக்கும். சில மொழிகளில் ஐந்து வருஷம் கழித்து, நீங்கள் பக்கத்தில் இல்லாத நாளில் வெளிவரும். கடைத்தெரு பாஷையில் சொன்னால் சில மொழிகள் ரொக்கம், சில மொழிகள் கடன். சி மட்டும் கந்துவட்டி; கொடுக்கும்போது வட்டி என்னவென்றே சொல்லாது.

ஏப்ரல் 1, காலை ஒன்பது மணி

நான் வாங்கிய கடன் ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அரிசி மண்டிக்கு பைத்தானில் பில்லிங் எழுதிக் கொடுத்தேன். அக்டோபரில் கொடுத்தது, ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. நிதியாண்டு மாறும்போது பில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் அல்லவா? அதற்கு நான்கு வரி எழுதியிருந்தேன். அதில் மாறி (மதிப்பை வைத்துக்கொள்ளும் பெயர்) ஒன்றின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பைத்தான் ஒரு பெயர் இருக்கிறதா இல்லையா என்று அந்த வரி ஓடும்போதுதான் தேடிப் பார்க்கும். அந்த நான்கு வரியும் முதல்முறையாக ஓடியது ஏப்ரல் 1 காலை. மண்டியில் லோடு இறங்கிக்கொண்டிருக்கிறது, பில் போட்டால் நிரல் விழுகிறது. முட்டாள்கள் தினத்துக்கு யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இதையே ஜாவாவில் எழுதியிருந்தால் அக்டோபரிலேயே கம்பைலர், அதாவது ஓட்டும் முன் நிரலை மிஷினுக்குப் புரியும்படி மாற்றித் தரும் கருவி, நிறுத்தியிருக்கும். "இப்படி ஒரு பெயரே இல்லையே" என்று சொல்லி, சரிசெய்யும்வரை நகரவிடாது. மறுபக்கம், பழைய விஷுவல் பேசிக் 6-ல் எழுதி, மாறிகளை அறிவித்தே ஆகவேண்டும் என்ற கட்டளையை மேலே போடாமல் விட்டிருந்தால் ஏப்ரல் 1-ம் தேதிகூட ஒன்றும் நடந்திருக்காது. தெரியாத பெயரைப் பார்த்ததும் அது சத்தமில்லாமல் ஒரு காலி மாறியை உருவாக்கிக்கொள்ளும். பில் வரும், எண் தப்பாக வரும். அடுத்த மார்ச்சில் ஆடிட்டர் கேட்பார். பைத்தான் விழுந்ததே மேல்.

இதை வைத்து பைத்தான் கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்த மண்டி வேலையை இரண்டு வாரத்தில் முடித்தேன் என்றால் பைத்தான் என்பதால்தான். 1991-ல் கைடோ வான் ராசம் வெளியிட்ட அந்த மொழியின் குணமே அது. நினைத்ததை நினைத்த வேகத்தில் எழுதலாம். கடன் என்றாலே கெடுதல் என்றால் டவுணில் பாதிக் கடை திறந்திருக்காது. எவ்வளவு கடன், எப்போது திருப்ப வேண்டும் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

ஒரு போக்கைக் கவனித்திருப்பீர்கள். கடன் மொழிகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ரொக்கத்துக்கு நகர்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டின் முதல் வடிவத்தை பிரெண்டன் ஐக் 1995-ல் பத்து நாளில் எழுதி முடித்தார். ஒரு வலைப்பக்கத்தில் ஒரு பொத்தானைச் சொடுக்கினால் ஏதாவது நடக்க வேண்டும் என்ற அளவுக்கான மொழி அது. அதில் லட்சக்கணக்கான வரிகள் எழுத ஆரம்பித்தபோது தாங்கவில்லை. 2012-ல் மைக்ரோசாஃப்ட் டைப்ஸ்கிரிப்ட்டைக் கொண்டுவந்தது. அதே ஜாவாஸ்கிரிப்ட்தான், ஆனால் இது எண், இது சொல், இது பில் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் தவறை எழுதும்போதே காட்டும். பைத்தானிலும் 2015-ல் அப்படிக் குறிப்பெழுத வழி செய்தார்கள். அதே வருஷம் பிஎச்பியும் அந்தப் பக்கம் இன்னும் ஓரடி வைத்தது. எதிர்ப்பக்கம் ஜாவா, 2018-ல், மாறியின் வகையை நீங்கள் எழுதாவிட்டாலும் நானே ஊகித்துக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தது. நாற்பது வருஷச் சண்டை, நடுவழியில் கைகுலுக்கிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. டீக்கடைகளில் இன்னும் நடப்பது பழைய சண்டை.

நாற்பது பேர், ஆளுக்கு ஆயிரம் பீடி

எண்களுக்கு வருவோம். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் கணக்கு ஆயிரத்தில்தான் நடக்கும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று. கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சியில் பழகிய மாணவி ஒருத்தி, அவள் அம்மா பீடி கொடுக்கும் கடைக்காக ஒரு சின்ன நிரல் எழுதி எடுத்து வந்தாள். நாற்பது பேர், ஆளுக்கு ஆயிரம். பெருக்கினால் திரையில் −25536 என்று வந்தது. "சார், பீடி கம்மியா குடுத்தா மைனஸ் வரலாம். எல்லாரும் முழுசா குடுத்துட்டாங்களே?"

டர்போ சி 1987-ல் வந்தது, டாஸ் காலத்துக் கருவி. அதில் சாதாரண முழு எண்ணுக்கு 16 பிட் இடம்தான்; அதிகபட்சம் 32767. நாற்பதாயிரம் அதில் அடங்காமல் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வருகிறது. 40000-லிருந்து 65536 கழித்தால் அவள் பார்த்த எண். அதே நிரலை இன்றைய ஜிசிசி என்ற சி கம்பைலரில் போட்டால் 32 பிட், 214 கோடிக்குச் சற்று மேல்வரை தாங்கும். ஜாவாவிலும் 32 பிட்தான். அதுவும் தாண்டினால் சத்தமில்லாமல்தான் சுற்றும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரஸ்ட் என்ற புது மொழி சோதனை ஓட்டத்தில் சட்டென்று நிறுத்திவிடும். பைத்தானில் முழு எண்ணுக்கு எல்லையே கிடையாது, நினைவகம் இருக்கும்வரை வளரும். அதாவது பெயர்ப் பிழையில் கடன் கொடுத்த அதே பைத்தான், எண் விஷயத்தில் ரொக்கம். ஒரு மொழியை மொத்தமாக நல்லது, கெட்டது என்று எடை போட முடியாததற்கு இதுவே போதும்.

டர்போ சியைப் பற்றி இன்னொன்று. அந்த நீலத் திரையில் பழகிவிட்டு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள், திரையைத் துடைக்கும் கட்டளை லினக்ஸ் இயங்குதளத்தில் ஏன் இல்லை என்று விழிப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். அந்தக் கட்டளை சி மொழியின் பகுதியே அல்ல, ஒரு கம்பெனியின் கருவி தந்த சௌகரியம். எது மொழி, எது கருவி என்று பிரித்துக் காட்டாமலே நான்கு வருஷம் ஓடிவிடுகிறது.

காசுக் கணக்குதான் கடைக்காரருக்கு உயிர். 247 ரூபாய்ச் சாமானுக்கு 5 சதவீதம் வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி 12 ரூபாய் 35 பைசா. மாநிலத்துக்குள் விற்றால் அதை மத்திய வரி, மாநில வரி என்று பாதிப் பாதியாகப் பில்லில் காட்ட வேண்டும். பாதி என்றால் 6.175. இதைப் பைசாவுக்கு முழுமையாக்கு என்று பைத்தானிடம் நேராகச் சொன்னால் 6.17 வரும். நூறால் பெருக்கி, முழுமையாக்கி, மறுபடி நூறால் வகுத்தால் 6.18 வரும். ஜாவாஸ்கிரிப்ட்டிலும் இதே கூத்துதான், இரண்டு வழி, இரண்டு விடை. ஒன்றில் மொத்த வரி 12.34, இன்னொன்றில் 12.36. உண்மையான 12.35 இரண்டிலும் இல்லை.

இதற்கு மொழியைத் திட்டிப் பயனில்லை. கம்ப்யூட்டர் பின்னங்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது. மூன்றில் ஒரு பங்கை நம்மால் தசமத்தில் எழுதி முடிக்க முடியாதது போல, 6.175-ஐ அதனால் இரண்டின் அடுக்குகளில் எழுதி முடிக்க முடியாது. உள்ளே இருப்பது 6.1749999 என்று நீளும் ஓர் எண். 1985-ல் வந்த ஒரு தரநிலையை அநேகமாக எல்லா மொழிகளும் சாதாரணப் பின்ன எண்ணுக்குப் பின்பற்றுவதால் அவற்றில் 0.1 + 0.2 போட்டால் சரியாக 0.3 வராது. பழைய ஆட்கள் இதை அறிந்திருந்தார்கள். 1959-ல் பிறந்த கோபால் (COBOL) மொழியில் தசமக் கணக்கு உடன்பிறந்தது. விஷுவல் பேசிக்கில் பணத்துக்கென்றே ஒரு வகை இருந்தது. சி ஷார்ப்பில் தசம எண் மொழியோடு சேர்ந்தே வருகிறது. ஜாவாவிலும் பைத்தானிலும் அதற்கான நூலகத்தைக் கேட்டு வாங்க வேண்டும், கேட்காவிட்டால் தராது. நான் பெரும்பாலும் எல்லாத் தொகையையும் பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொள்வேன். அப்படி வைத்தாலும் 1235 பைசாவை இரண்டாகப் பிரிப்பது எப்படி என்ற கேள்வி இருக்கத்தான் செய்யும். அதை ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். எழுதுகிறவன் அவரிடம் கேட்டுவிட்டு வர வேண்டும்.

திருநெல்வேலிக்கு எத்தனை எழுத்து?

வகுப்பின் முதல் நாள் இதைத்தான் கேட்பேன். எல்லாரும் விரல் விட்டு எண்ணி ஆறு என்பார்கள். பைத்தானைக் கேட்டால் 12. ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் அதையே சொல்லும். சி 36 என்னும். கோ, ரஸ்ட், பிஎச்பி மூன்றிலும் சாதாரணமாக நீளம் கேட்டால் 36. ஸ்விஃப்ட் மட்டும் நம்மைப் போல ஆறு என்று சொல்லும்.

யாரும் பொய் சொல்லவில்லை. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் 'தி' என்பது ஒரு குறியீடு அல்ல. 'த' ஒன்று, மேலே சுழிக்கும் இகரக் குறி ஒன்று. 'ல்' என்றால் 'ல' ஒன்று, புள்ளி ஒன்று. ஆறு எழுத்துக்கு இப்படிப் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டையும் யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒவ்வொன்றும் மூன்று பைட். சி பைட்டை எண்ணுகிறது, பைத்தான் குறியீட்டை எண்ணுகிறது, ஸ்விஃப்ட் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுகிறது. ஒரு இணையப் படிவத்தில் ஊர்ப் பெயருக்குப் பத்து எழுத்து என்று எல்லை வைத்திருந்தார்கள். திருநெல்வேலிக்காரன் எவனும் அதில் தன் ஊரைத் தமிழில் எழுத முடியவில்லை. எழுதியவர் எண்ணிப் பார்த்திருப்பார்; ஆறுதானே, பத்து தாராளம் என்று.

இதையே சியில் செய்தால் விளைவு வேறு. ஆறு எழுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று 20 பைட் ஒதுக்குகிறீர்கள். தேவைப்படுவது கடைசிப் பூஜ்யத்தோடு சேர்த்து 37. சி மறுப்புச் சொல்லாமல் எழுதிக்கொண்டே போகும். மிச்சம் 17 பைட் பக்கத்து வீட்டுக்குள் போய் விழும். பக்கத்தில் இருந்தது வாடிக்கையாளரின் பாக்கித் தொகையாக இருந்தால் அந்தத் தொகை மாறிவிடும். நிரல் அன்றே விழலாம், என்றைக்குமே விழாமலும் இருக்கலாம். கந்துவட்டி என்று சொன்னது இதைத்தான். ஜாவாவில் எல்லை தாண்டினால் அந்த இடத்திலேயே பிழை என்று நின்றுவிடும். பைத்தானில் இடம் தானாக விரியும். ரஸ்ட்டில் கம்பைலரே மறிக்கும், அதை மீறி வந்தாலும் ஓடும்போது நிறுத்தும். தான் வருஷாவருஷம் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த மாதிரி நினைவகத் தவறுகள்தான் என்று 2019-ல் மைக்ரோசாஃப்ட் சொன்னது. மறு வருஷம் குரோம் குழுவும் தங்களிடம் வரும் தீவிரமான ஓட்டைகளைப் பற்றி அதே கணக்கைச் சொன்னது. 1972 வாக்கில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சியில் எழுதப்பட்ட லினக்ஸ் கருவுக்குள் 2022 டிசம்பரில் ரஸ்ட்டை அனுமதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனாலும் சியை ஒதுக்கிவிட முடியாது. நாம் ஓட்டும் பைத்தானே சியில் எழுதியதுதான்.

இன்னொரு தமிழ்ச் சிக்கல் இதைவிட நுட்பமானது. கலெக்டர் ஆபீஸ் இருக்கும் கொக்கிரகுளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'கொ'வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 'க'வும் ஒற்றை ஒகரக் குறியும் ஒரு விதம். 'க', அப்புறம் எகரக் கொம்பு, அப்புறம் கால் என்று மூன்றாக எழுதுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றேபோல இருக்கும். ஒரு கடையின் பழைய முகவரிகளைப் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது, மாற்றும் நிரல் இரண்டாவது விதத்தில் போட்டுவிட்டது. புதிதாகத் தட்டச்சு செய்தவை முதல் விதம். கொக்கிரகுளம் என்று தேடினால் பாதி வாடிக்கையாளர்கள் காணாமல் போனார்கள். ஒரு மத்தியானம் முழுக்கக் கண்ணைக் கசக்கிப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை. ஸ்விஃப்ட் இரண்டையும் சமம் என்றே எடுத்துக்கொள்ளும். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் ஒப்பிடும் முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர உடனிருக்கும் ஒரு கட்டளையை நாம் போட வேண்டும். சியில் அதற்குத் தனி நூலகம் தேடி இணைக்க வேண்டும். அகரவரிசையும் இப்படித்தான், குறியீட்டு வரிசையில் அடுக்கினால் 'ழ' 'வ'வுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆங்கிலத்தில் வரும் ஒப்பீட்டுக் கட்டுரைகளில் இந்த வரி இருக்காது. வேகம் இருக்கும், சம்பளம் இருக்கும். நம் ஊர்ப் பெயரை அந்த மொழி எப்படி எண்ணும் என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்க் கட்டளைச் சொற்களோடு, பைத்தானின் மேல் கட்டப்பட்ட 'எழில்' என்ற மொழியும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயம் தெளியட்டும் என்று காட்டலாம். பைத்தானிலும் ஜாவாவிலும் மாறிக்கு 'பாக்கி' என்றே தமிழில் பெயர் வைக்கலாம். கோ மொழியில் முடியாது. அது உயிர்க்குறியையும் புள்ளியையும் பெயரின் பகுதியாக ஏற்பதில்லை.

கருவியும் கணக்கில் உண்டு

ஏப்ரல் 1 கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. அந்தப் பெயர்ப் பிழையை ஓட்டிப் பார்க்காமலே கண்டுபிடிக்கும் இலவசக் கருவிகள் பைத்தானுக்கு அப்போதே இருந்தன. என் எடிட்டரிலேயே இருந்தது. மஞ்சள் கோடு ஒன்று தொந்தரவாக இருக்கிறதென்று அணைத்து வைத்திருந்தேன். அன்று மாலை மறுபடி போட்டுப் பார்த்தால் அதே வரியின் கீழ் கோடு. ஆகவே பைத்தானையும் ஜாவாவையும் வெறும் மொழிகளாக ஒப்பிடுவது பாதி ஒப்பீடுதான். மொழியோடு அதைச் சுற்றியுள்ள கருவியையும் சேர்த்துத் தராசில் வைக்க வேண்டும்.

முன்பு நல்ல கருவி சில மொழிகளுக்கே வாய்த்தது. 2001-ல் வந்த எக்லிப்ஸ், ஜாவாக்காரர்களைச் செல்லம் கொடுத்து வளர்த்தது. மற்றவர்கள் நோட்பேடில் தட்டினார்கள். 2015-ல் மைக்ரோசாஃப்ட்டின் விஎஸ் கோட் எடிட்டர் வந்தது. மறு வருஷம், ஒரு மொழியைப் பற்றிய அறிவை எந்த எடிட்டருக்கும் ஒரே விதமாகச் சொல்லிக் கொடுக்கும் ஒரு பொது நெறிமுறையையும் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு அநேகமாக எல்லா மொழிக்கும் அந்தச் செல்லம் கிடைக்கிறது. கனமும் ஒரு விஷயம். 4 ஜிபி லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்துவிட்டு, டீ குடித்துவிட்டு வரலாம். வந்த பிறகும் திறந்துகொண்டிருக்கும். அப்படிப்பட்ட லேப்டாப் வைத்திருக்கும் பிள்ளையிடம் ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் கோட்லின் மொழியைப் படி என்று சொல்வதற்கு முன் இரண்டு முறை யோசிப்பேன்.

நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாக வைத்துக்கொள்ளும் கருவி, 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கிட் மட்டும் எந்த மொழிக்காரருக்கும் கட்டாயம். பென்டிரைவில் 'பில்லிங் ஃபைனல்', 'பில்லிங் ஃபைனல் புதுசு' என்று ஏழு ஃபோல்டர் வைத்திருந்த காலத்தை நானும் தாண்டித்தான் வந்தேன். அதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை, கற்றுக்கொள்ளுங்கள்.

மறுபடியும் பாத்திரக்கடை

அண்ணாச்சியின் மிஷினில் இருப்பது 32 பிட் விண்டோஸ் 7, 2 ஜிபி நினைவகம். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் அதைக் கைவிட்டது. மொழிகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. பைத்தான் 3.8-க்குப் பிறகு அதில் ஏறாது, கோ 1.20-க்குப் பிறகு ஏறாது. வலைத்தொழில்நுட்பத்தில் எழுதி மேசைக் கம்ப்யூட்டரில் ஓட்ட உதவும் எலக்ட்ரானும் 2023-ல் விட்டுவிட்டது. எல்லாம் ப்ரவுசரில், எல்லாம் கிளவுடில் என்று போகலாம்தான். ஆனால் ரோட்டில் பள்ளம் தோண்டி கேபிள் அறுந்த நாளில் பில் நிற்கக் கூடாது. முகூர்த்த நாளில் சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க வந்தவர்களை நெட் வரட்டும் என்று உட்கார வைக்க முடியாது.

கடைசியில் நான் எடுத்தது சி ஷார்ப், அதை ஓட்டப் பழைய டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 4.8, திரையை அமைக்க அதைவிடப் பழைய விண்டோஸ் ஃபார்ம்ஸ். வகுப்பில் சொன்னபோது பையன்கள் சிரித்தார்கள். ஆனால் 2019-ல் வந்த அந்தப் பதிப்பு விண்டோஸ் 7-லும் ஏறும், இன்றைய விண்டோஸ் 11-லும் ஓடும். தசம எண் மொழியோடு வருகிறது. பெயர் தப்பினால் கம்பைலர் விடாது. சி ஷார்ப்பை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க்தான் அதற்கு முன் டர்போ பாஸ்கலையும் பின்னால் டைப்ஸ்கிரிப்ட்டையும் உருவாக்கியவர். ரொக்கம் வாங்கினாலும் முகம் கோணாமல் வாங்கத் தெரிந்த மனிதர்.

கரண்டு கேள்விக்குப் பதில் எஸ்க்யூலைட். 2000-லிருந்து இருக்கும் சின்ன தரவுத்தளம். நம் எல்லார் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் இருப்பதும் அதுதான். ஃபாக்ஸ்ப்ரோவில் தரவு ஒரு கோப்பு, அதைத் தேடும் அட்டவணை வேறொரு கோப்பு. ஒன்றை எழுதி மற்றதை எழுதும் முன் கரண்டு போனால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அட்டவணையைத் திரும்பக் கட்டும் கட்டளை அந்தக் கடைப் பையனுக்கே மனப்பாடம். எஸ்க்யூலைட் மாற்றம் செய்யும் முன் பழைய பக்கத்தை ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளும். நடுவில் கரண்டு போனால், திரும்ப வந்ததும் அதைப் பார்த்துப் பழைய நிலைக்குப் போய்விடும். பில் முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் இருக்கவே இருக்காது. பாதி பில் கிடையாது. காட்ட வேண்டும் என்று பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கினேன். அண்ணாச்சி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது கேள்விக்கு மொழியில் பதில் இல்லை. சி ஷார்ப் தெரிந்தவர் பாளையங்கோட்டையில் பத்துப் பேர் கிடைப்பார்கள் என்பது ஒரு காரணமாக இருந்தது, உண்மைதான். ஆனால் ஃபாக்ஸ்ப்ரோ தெரிந்தவர்களும் ஒருகாலத்தில் அப்படித்தான் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அதனால் மூல நிரலை அதன் முழு கிட் வரலாற்றோடு பென்டிரைவில் போட்டு, எந்த அட்டவணையில் என்ன இருக்கிறது, வரி விகிதம் மாறினால் எங்கே மாற்ற வேண்டும், பைசாவை ஏன் இப்படிப் பிரித்தேன் என்பதையெல்லாம் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி இரண்டு பக்கம் படித்துப் பார்த்துவிட்டு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

பழையதை உடனே நிறுத்த அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆடி முடியட்டும் தம்பி. ரெண்டும் ஓடட்டும்." ஆகவே இப்போது ஒவ்வொரு பில்லும் இரண்டிலும் ஏறுகிறது. முதல் வாரத்தில் ஒரு பில்லில் ஒரு பைசா வித்தியாசம் வந்தது. ஒட்டுப் போட்டவர் வரியை வேறு விதமாக முழுமையாக்கியிருக்கிறார். எது சரி என்று ஆடிட்டரிடம் கேட்டிருக்கிறேன்.